பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள், டீச்சர்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையனின் அம்மா எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, "பையனுக்குக் காது கேட்குதா இல்லையா? வீட்டில் யாரும் பேசுறதே இல்லையா?" என்று கேட்டார்கள். காது கேட்கிறது. காதிலிருந்து மூளைக்குச் சத்தம் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் வரைக்கும் எடுத்தாயிற்று. பேச்சுக்கும் பஞ்சமில்லை, என் மாமியாரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

சிக்கல் காதைத் தாண்டி உள்ளே இருக்கலாம். சத்தம் விழுந்ததும் மூளையில் எழும் துடிப்பை, மூளையின் நுண்ணிய காந்தப் புலத்தைப் பதிவு செய்யும் எம்.இ.ஜி. என்ற கருவியால் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் டிமோதி ராபர்ட்ஸ் குழுவினர் அளந்தார்கள். ஆட்டிசக் குழந்தைகளிடம் அது சராசரியாக 11 மில்லிவிநாடி (விநாடியில் ஆயிரத்தில் 11 பங்கு) பிந்துகிறது என்று 2010இல் சொன்னார்கள். அது வெறும் பீப் சத்தத்துக்கு. பிறகு உயிரெழுத்து ஒலிகளையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். ஒலி மாறியதைக் கண்டுகொள்வதிலும் தாமதம்; பேச்சுத் திறன் குறைந்த பிள்ளைகளிடம் அது இன்னும் அதிகம்.

அவன் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. கல்யாண மண்டபத்தில் மேளம் வாசிக்கும்போது யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார், வெளியே வந்து, "என்ன சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்பார். அமெரிக்காவின் கொலராடோவில் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரையும் இதே கருவியில் சோதித்திருக்கிறார்கள். ஒலி கேட்டதும் மூளையின் வேக அலைகள் ஒத்து எழுவதில் அவர்களிடமும் குறை தெரிந்தது என்று 2008இல் கட்டுரை வந்தது. என் வீட்டுக்காரருக்கும் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வளர்ப்பைப் பற்றிக் கேட்கும் முன், இது குடும்பத்தில் பிறவியிலேயே வருவதாக இருக்கலாம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் "சட்டையைப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் எண்ணுவேன். ஐந்து வரை ஒன்றும் நடக்காது. ஆறு, ஏழு... கை சட்டைக்குப் போகும். மூன்றிலேயே பொறுமை இழந்து, "டிரஸ்ஸ மாத்துடான்னு சொன்னேன்ல" என்றால் போச்சு. அவனுக்கு அது புது வாக்கியம், மறுபடி முதலிலிருந்து. இந்த ஏழு விநாடிக்கு அந்த 11 மில்லிவிநாடிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எண்ணினால் பதில் வருகிறது, அது தெரியும்.

வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவன் பெயரை ஒரே தடவை கூப்பிடுங்கள். அடுத்த பெயருக்குப் போகாமல் கொஞ்சம் நில்லுங்கள். "உள்ளேன் மிஸ்" வரும், லேட்டாக.

இப்படிக்கு,
ஓர் அம்மா