"இப்போ வாங்காதீங்க" என்று சொன்ன கடைக்காரர்களுக்கு

அன்புள்ள நெல்லைச் சீமை மக்களுக்கு,

கோயம்புத்தூர் வந்து சேர்ந்தாச்சு. அல்வாவைப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போட்டு, பாயைக் கூடத்தில் விரித்து, புத்தகங்களை அலமாரியில் அடுக்கியும் ஆயிற்று. நன்றி சொல்வது மட்டும்தான் பாக்கி. உங்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது, போன் நம்பரும் கிடையாது, அண்ணாச்சி, அக்கா, ஆச்சி என்று கூப்பிட்டதோடு சரி, அதனால் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி பொதுவில் எழுதுகிறேன். சாப்பிடவும் புத்தகம் தேடவும் நாலு பொருள் வாங்கவும் என்றே அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்தோம். போன இடத்தில் எல்லாம், விற்க உட்கார்ந்திருந்த நீங்களே "இது உங்களுக்கு வேண்டாம்", "இப்போ வாங்காதீங்க", "அங்கே போய் வாங்குங்க" என்று சொன்னீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் ஆட்டோ அண்ணாச்சி. நாங்கள் வந்து இறங்கியது ஆனித் தேரோட்டச் சமயம். முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருந்த விடுதியில் அறை இல்லை என்று வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள். முட்டிவலிக்கார அம்மாவை வைத்துக்கொண்டு தெருவில் நின்றபோது, "டவுனுக்குள்ள தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் ஒண்ணும் கிடைக்காதும்மா, பாளையங்கோட்டைக்குப் போயிருவோம்" என்று நீங்கள்தான் ஏற்றிக்கொண்டீர்கள். இரண்டு இடத்தில் விசாரித்து, மாடி ஏறத் தேவையில்லாத அறையாகப் பார்த்து, பெட்டியையும் உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசிய பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, இதை 1840-களில் சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினார் என்று நீங்கள் சொன்ன கதையை என் மகள் வீட்டுக்கு வந்தபிறகும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கவர்ன்மெண்ட் கட்டாத பாலமா என்று அவளுக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

மெஸ் நடத்துகிற அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்த எங்களிடம், "இன்னைக்கு வச்சது மத்தியானமே தீர்ந்துபோச்சு, மிச்சம் கொஞ்சம் இருக்கு, ஆனா அதைச் சுட வச்சுக் குடுத்தா பால் திரிஞ்சு போயிரும், நாளைக்கு வாங்க" என்று சொல்லி, உளுந்தஞ்சோறு போட்டீர்கள். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. தொலியோடு உடைத்த உளுந்தும் பூண்டும் தேங்காய்த் துருவலும் சேர்ந்து வெந்த அந்தச் சோற்றை எள்ளுத் துவையலோடு பிசைந்து சாப்பிட்ட அம்மா, இது தன் அப்பாவைப் பெற்ற பாட்டி செய்து கொடுத்தது என்று திடீரென்று சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே அது தெரியாது. அப்புறம்தான் விசாரித்தால் அந்தப் பாட்டி தென்காசிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவராம்.

மறுநாள் சொதி. கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டோம் என்பதற்காக அடுப்படிக்கே கூப்பிட்டுக் காட்டினீர்கள். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் வெந்துகொண்டிருந்தது. வெந்த பாசிப்பருப்பைக் கடைந்து ஊற்றி, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதைச் சேர்த்து, இரண்டாம் பாலை விட்டீர்கள். கடைசியில் கெட்டியான முதல் பால். அதை ஊற்றினதும் தீயைக் குறைத்து, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கிய அந்தக் கணத்தில் சட்டியை இறக்கி, "கொதிக்க விட்டா கதை முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே எலுமிச்சம்பழம் பிழிந்தீர்கள். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும், அதனால்தான் இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி பரிமாறுவது இல்லை என்பதும், கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு இதைத்தான் போடுவார்கள் என்பதும் நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தது என்று எழுந்து வருவது வேறு, இப்படிச் செய்முறையோடு கையில் கொடுத்து அனுப்புவது வேறு. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சொதி. திரியவில்லை அக்கா.

அல்வாவுக்கு இருட்டுக்கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற தாத்தாவுக்கு: கீழ ரத வீதியில் அந்தக் கூட்டத்தில் அம்மாவை நெல்லையப்பர் கோயில் பக்கம் ஓரமாக உட்கார வைக்கச் சொல்லி, அவருக்கும் சேர்த்து எங்களை முன்னால் விட்டீர்கள். மொத்தமாகக் கிலோ கணக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறதற்கு முன்னால், நூறு கிராம் சூடாக இலையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள் என்று நீங்கள் சொல்லவில்லை என்றால் நாங்கள் டப்பாவோடு அறைக்குப் போயிருப்போம். சம்பா கோதுமையை ஊற வைத்து அரைத்துப் பாலெடுத்து, அதைச் சீனியும் நெய்யுமாகக் கிண்டி எடுக்கிற பண்டம், ஆறிய பிறகும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலையில் வழுக்கிக்கொண்டு வந்து, விரலில் நெய் இறங்கி, வாயில் போட்டதும் தானாகத் தொண்டைக்குள் போன அந்த முதல் வாய்க்கு ஈடாகாது. ஊருக்குக் கொண்டுபோகிறதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் என்றும் சொன்னீர்கள். வைக்கவில்லை.

பாளையங்கோட்டைப் புத்தகக் கடை அண்ணாச்சியிடம் நான் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேச வேண்டும். நான் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் வைத்த அடுக்கிலிருந்து பாதியை நீங்களே எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தீர்கள். ஒன்று பிழைகள் மலிந்த பதிப்பு, நல்ல பதிப்பு இப்போது கைவசம் இல்லை, வந்தால் அனுப்புகிறேன் என்றீர்கள். இன்னொன்றை, "இது மைய நூலகத்துல இருக்கு, முதல்ல அங்கன உட்கார்ந்து புரட்டிப் பாருங்க, பிடிச்சா வாங்கலாம்" என்றீர்கள். இந்த மாதிரி வியாபாரம் செய்து கடையை எப்படி நடத்துகிறீர்கள் என்று என் கணவர் கேட்டதற்கு, வாங்கினவர் வாசிக்கவில்லை என்றால் அவர் திரும்ப வரமாட்டார், அதுதான் நஷ்டம் என்று சொன்னீர்கள். நாங்கள் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, தொ. பரமசிவனின் கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தீர்கள். உங்கள் ஊர்க்காரர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தவர், 2020-ல் மறைந்தார். நாம் தினமும் தொட்டுக்கொள்கிற உப்புக்கும் எண்ணெய்க்கும் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருப்பதை, அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்ட ஊரிலேயே, இரவு அறையில் உட்கார்ந்து வாசித்தது பெரிய கொடுப்பினை. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் தூங்கவே இல்லை.

நூலகத்தில், உறுப்பினரே இல்லாத எங்களுக்கு மேசை ஒதுக்கி, மகளுக்குக் கதைப்புத்தகம் தேடி எடுத்துக் கொடுத்த நூலகர் மேடத்துக்கும் நன்றி. நீங்கள் குழந்தையிடம் பேசிய விதத்தில் அவள் இப்போது எங்கள் தெரு நூலகத்தில் கார்டு போட்டிருக்கிறாள்.

பத்தமடையில் பாய் நெய்கிற அக்கா, உங்களிடம் நான் கேட்டது பட்டுப்பாய். புடவை மாதிரி மடிக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன், எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு உங்கள் ஊர்ப் பாய் போன கதையும் தெரியும். நீங்கள் ஒன்றை மடித்தே காட்டினீர்கள். அப்புறம், "இதை யாருக்கு வாங்குதீங்க?" என்று கேட்டீர்கள். அம்மா தினமும் தரையில் படுக்க என்றதும் அதைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டீர்கள். "இது கண்ணாடி பீரோல வைக்கதுக்கும் கல்யாணத்துக்கும்மா. தினசரிக்கு இது தாங்காது, உங்க காசும் வீணாப் போகும்" என்று சொல்லிவிட்டு, அதில் பத்தில் ஒரு பங்கு விலைகூட இல்லாத சாதாரணக் கோரைப்பாயை எடுத்துப் போட்டு, அம்மாவை அதில் படுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, வெயிலில் காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து எடுத்தால்தான் நெய்யவே முடியும் என்று சொல்லி, சாதாரணப் பாயின் கோரையையும் பட்டுப்பாயின் கோரையையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்களே, மெல்லிசுக் கோரை கையில் இருப்பதே தெரியவில்லை. அதை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து நெய்ய வாரக்கணக்காகும் என்றபோது, அந்த விலை அதிகம் என்று இனி யாராவது என் முன்னால் சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன். பேரம் பேசாமல் வாங்குங்கள் என்று வாசிக்கிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். குனிந்து உட்கார்ந்து நெய்கிற முதுகுக்கு அது கட்டுப்படியாகாது.

அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைக்காரருக்கும் நன்றி. மகள் பளபளவென்று இருந்த ஒரு செட்டைக் கேட்டாள். அது வெளியிலிருந்து வருகிற பிளாஸ்டிக், இதுதான் இங்கே கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றினது என்று நீங்கள் மரத்தில் செய்த அம்மி, உரல், அடுப்பு, குடம் எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்தீர்கள். அந்த உரலுக்குள் உலக்கை சரியாகப் போய் வந்ததைப் பார்த்ததும் அவள் பிளாஸ்டிக்கை மறந்துவிட்டாள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கின வீட்டு ஆச்சி, சாரல் அடிக்கிற நேரம் சரியாகக் காயாது என்று சொல்லி, முன்னாடி வெயிலில் காய்ந்த கட்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். உடன்குடிக் கருப்பட்டி விற்ற அண்ணாச்சியோ ஒரு கருப்பட்டியை உடைத்தே காட்டினார். உள்ளே மினுமினுவென்று சீனி மணி தெரிந்தால் வாங்காதீர்கள், மங்கலாக இருக்க வேண்டும், நாக்கில் மெதுவாகக் கரைய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, வேறு கடையில் வாங்கினாலும் இப்படிப் பார்த்து வாங்குங்கள் என்றார். நாங்கள் வேறு கடைக்குப் போகவில்லை.

திரும்பும்போது கோவில்பட்டியில் ரயில். புத்தகக் கடை அண்ணாச்சி சொல்லி அனுப்பியபடி போகிற வழியில் இடைசெவலில் வண்டியை நிறுத்தினோம். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923-ல் பிறந்த ஊர், சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள், இருவருக்கும் சாகித்ய அகாதெமி விருது, இவ்வளவும் ஒரே கரிசல் கிராமத்தில். கி.ரா. வீடு எது என்று கேட்டதும் டீக்கடைப் பெரியவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எங்களோடு நடந்தே வந்தார். வெயில் அப்படி ஒரு வெயில். வேண்டாம் ஐயா, வழி சொன்னால் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் எங்கே வாங்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அந்தக் கடலை விளைவது இந்தக் கரிசலில்தான் என்று காலடியைக் காட்டினார்.

கடைசியாக ஒருவர். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்துக்கு வந்த பேருந்தின் கண்டக்டர். சுருட்டின பாயைப் பார்த்ததும் லக்கேஜ் கட்டணம் கேட்பார் என்று நான் பர்ஸைத் திறந்தேன். நீங்கள் அதை வாங்கி டிரைவருக்குப் பக்கத்தில் மடங்காமல் நிறுத்திவைத்து, அம்மாவுக்கு முன் சீட்டில் இடம் கேட்டு வாங்கிக் கொடுத்து, இறங்கும்போது அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றுகிற வரைக்கும் விசில் ஊதவில்லை. பின்னாலிருந்து யாரோ அவசரப்படுத்தியபோது "ஆச்சி இறங்கட்டும்ல" என்று ஒரே வார்த்தையில் அடக்கினீர்கள். கூட்டத்தில் உங்களிடம் சரியாக நன்றி சொல்ல முடியவில்லை. நடு வயது, நரைத்த மீசை, சட்டைப்பையில் சிவப்புப் பேனா. அந்த வழித்தடத்தில் தினமும் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்: கோயம்புத்தூர் ஆச்சி அந்தப் பாயில்தான் தினமும் படுக்கிறார், முட்டிவலி கொஞ்சம் தேவலை, தை மாதம் தம்பி கல்யாணத்துக்குப் பட்டுப்பாய் சொல்ல மறுபடி அதே பேருந்தில் வருகிறோம்.