எமது கிராம அபிவிருத்திச் சங்கம்: 2023 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர், பொருளாளர், கிராம அலுவலர், பொருளாதார அபிவிருத்தி உத்தியோகத்தர், வந்திருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சிரமதானங்கள், முன்பள்ளி வேலி, பொதுக்கிணறு இறைப்பு பற்றிய விபரங்கள் கூட்டக்குறிப்பில் இருக்கின்றன. அரசாங்க மானியப் பணத்தை எப்படித் திட்டமிட்டோம் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வருடம் முழுவதும் கூட்டங்களில் சூடாகப் பேசப்பட்டதும் அதுதான்.

எமக்குக் கிடைத்த பெரிய வேலை, பரந்தன்-முல்லைத்தீவு ஏ-35 வீதியில் ஏறும் எங்கள் உள்வீதிக்குக் கிரவல் போட்டு மதகு கட்டும் ஒப்பந்தம். தொழினுட்ப உத்தியோகத்தர் தந்த மதிப்பீட்டைக் கையெழுத்து வைக்க முன்னரே பொதுக்கூட்டத்தில் வரிவரியாக வாசித்தோம். கிரவல் எத்தனை கியூப், எங்கிருந்து வரும், மணல் அனுமதிப்பத்திரச் செலவு யார் தலையில் விழும் என்றெல்லாம் சனம் கேட்டது. மணல் ஏற்றும் தூரம் குறைத்துப் போடப்பட்டிருப்பதை உழவு இயந்திரம் ஓடும் தம்பிமார்தான் பிடித்தார்கள். வேலை தொடங்கவில்லை என்பதால் மதிப்பீட்டைத் திருத்த முடிந்தது. பாதி வேலையில் தெரியவந்திருந்தால், குறைகிற காசுக்கு வேறு பணத்தில் கைவைத்திருப்போம், இல்லாவிட்டால் சீமெந்தைக் குறைத்திருப்போம். மானியப் பணம் கெடுவதில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வேலையை அளந்து பார்த்த பிறகே பணம் வரும். அதுவரை கடைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் தவணை சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில், மாதர் சங்கத்துக்கு வந்த வாழ்வாதாரப் பணத்தைக் கைமாற்றாக எடுக்கலாம் என்ற யோசனை வந்தது. பலருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அது பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் கோழிக்கூடுகளுக்கு என்று வந்த காசு. குஞ்சு வாங்கும் பருவம் தவறினால் பிறகு திருப்பிக் கொடுத்தும் என்ன பயன்? நிர்வாகசபை மறுத்தது. இரண்டு பணமும் வெவ்வேறு வங்கிக் கணக்கில், வெவ்வேறு காசேட்டில் இருந்தன. இனியும் அப்படியே இருக்க வேண்டும். சனம் சும்மா வந்து சிரமதானத்தில் வெட்டிய வாய்க்காலுக்குக் கூலி எழுதி, அந்தக் காசைக் கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் பற்றுச்சீட்டு பொய். அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

ஒரு நோக்கத்துக்கு வந்த பணத்தைக் காப்பதற்கு வெளியிலும் ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவில் பழங்குடி மக்களுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கும் துணைத்திட்டம் 1970களின் நடுப்பகுதியில் தொடங்கியது. அந்தப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பக்கூடாது, ஆண்டு முடிந்தாலும் அது காலாவதியாகக்கூடாது என்பது அங்கே பின்னர் வகுத்த வழிகாட்டல். நடைமுறையில் அங்கும் பணம் திசைமாறியதாக முறைப்பாடுகள் உண்டு. என்றாலும் விதியாவது வகுக்கப்பட்டது. எங்கள் நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு அதோடு போய்விடும். அனுமதி ஆண்டின் நடுவில் வந்து, ஒக்டோபரில் மாரி தொடங்கினால், கிரவல் வேலைக்குக் கிடைப்பது சில மாதங்களே. அதிலும் காலபோக (மாரிகால நெல்) விதைப்பு வந்துவிட்டால் ஆளும் இல்லை, உழவு இயந்திரமும் இல்லை. வன்னியில் இதைக் கணக்கில் எடுக்காத வரவுசெலவுத் திட்டம் வெறும் கடதாசிதான்.

டிசம்பர் நடுவில் ஓர் அலுவலகத்திலிருந்து மீதிப்பணம் இருப்பதாகவும், ஒலிபெருக்கித் தொகுதி ஒன்றுக்கு உடனே விலைக்கோரல் தரும்படியும் சொன்னார்கள். பொருள் வர முன்னரே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நாங்கள் வைக்கவில்லை. சில அங்கத்தவர்களுக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர்களுடைய மனவருத்தம் எனக்குப் புரிகிறது. இத்தனை வருடம் இல்லாமல் இருந்த ஊர் இது, வருவதை விடுவது கஷ்டம்தான். ஆனாலும் கணக்காய்வு வரும்போது அந்தக் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது சங்கம்தான்.

வேறொருவர் கட்டிய பக்கத்து மதகின் மதிப்பீட்டை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் சபைக்கு வாசிக்கப்படும்.

2024 க்கான வேலைத்திட்ட முன்மொழிவுகளை அங்கத்தவர்கள் பெப்ரவரி கூட்டத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். அளவும் விலையும் போட்டுத் தாருங்கள். பொருளாளரின் கணக்கறிக்கையும் இரு காசேடுகளும் மேசையில் இருக்கின்றன. பார்வையிட்டு அங்கீகரிக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்