பாம்பனிலிருந்து, கையுறை அளவு பற்றி

பாம்பன்,
ஜூன் 20

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடியும்வரை பேனா எடுக்கவே நேரமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளும்தான் இங்குள்ள வெல்டிங் பட்டறைகளுக்கு அறுவடைக் காலம். சுக்கான், வலை இழுக்கும் வின்ச் என்று பழுதானதெல்லாம் கரைக்கு வந்துவிடும். என்னிடம் வெல்டிங் பயிலும் ஒன்பது பெண்களையும் இந்த நாட்களில்தான் பட்டறைகளுக்கு அனுப்பினேன்.

அவர்களில் ஐந்து பேர் பாசி எடுக்கும் வீட்டுப் பெண்கள். அந்த அம்மாக்களை உனக்கு நினைவிருக்கும். புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள். பாறை கையைக் கிழிக்கும். சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும். 'பொம்பளைக்கு இது ஆகுமா' என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. மகள் வெல்டிங் ராடைத் தொட்டதும் ஊரே கேட்கிறது.

முதல் வாரம் ஒருத்திக்குப் பற்றவைப்பு நேராக விழவே இல்லை. ராடும் சரியானதுதான், மின்னோட்ட அளவும் சரிதான். ஆனாலும் ராடின் நுனியில் எரியும் ஆர்க் நீண்டு நீண்டு தெறித்தது. "கை நடுங்குகிறது, இவளுக்கு வராது" என்றார் உடனிருந்த பயிற்சியாளர். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். தோல் கையுறை அவள் விரல்களைவிட ஓர் அங்குலம் நீளம்! ராடு மாட்டிய ஹோல்டரை இறுக்கிப் பிடிக்க எப்படி முடியும்? மதுரையிலிருந்து சின்ன அளவு வரவழைத்தேன். இரண்டே நாளில் கோடு போட்டதுபோல் பற்றவைத்தாள். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கையுறையின் குறையைக் கையின் குறை என்று எழுதி, இத்தனை வருடத்தில் எத்தனை பெண்களை வீட்டுக்கு அனுப்பியிருப்போம்?

பட்டறைகளில் நடந்ததையும் சொல்கிறேன். ஓரிடத்தில் பத்து நாளும் பெருக்கவும் தேநீர் வாங்கவும் மட்டுமே விட்டார்கள். இன்னோரிடத்தில் கழிப்பறை இல்லை. அதனால் தண்ணீர் குடிக்காமலே நெருப்பு முன் நின்ற பெண் மூன்றாம் நாள் மயங்கி விழுந்தாள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நாலைந்து பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறையை அந்தச் சட்டம் எட்டவில்லை. தங்கச்சிமடத்தில் ஒரு வயதான மேஸ்திரி மட்டும், "வா பாப்பா, இதை நீயே முடி" என்று ஒரு வின்ச்சை முழுதாக ஒருத்தியிடம் கொடுத்தார். ஒன்பது பேரில் அவள்தான் இன்று சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள்.

பயிற்சியை ஆறு மாதமாக நீட்டலாமே என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்றே நினைக்கிறேன். கற்றுக்கொள்வதில் இவர்களுக்குக் குறையில்லை. வேலைக்குப் போன முதல் மூன்று மாதத்தில்தான் உடைந்துபோகிறார்கள். கூட ஒருவர் நிற்க வேண்டியது அங்கேதான். 1993-இல் வசந்தகுமாரி தமிழ்நாட்டின் முதல் பெண் அரசுப் பேருந்து ஓட்டுநரானபோது நாம் எட்டாம் வகுப்பில் இருந்தோம். இனி நிறையப் பேர் வருவார்கள் என்று எவ்வளவு நம்பினோம்! இன்றும் பேருந்து ஓட்டும் பெண்ணைக் கண்டால் நின்று படம் எடுக்கிறார்கள். ஒருவரை உள்ளே விட்டதோடு கதவைச் சாத்திவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கோயம்புத்தூரில் உங்கள் பம்பு தொழிற்சாலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று எழுதியிருந்தாய். அனுப்புகிறேன். முதல் வாரம் நானும் வந்து உடன் நிற்கிறேன். உன் வீட்டில் ஒரு பாய் போதும். இருவரையும் ஒரே ஷிப்டில் போடச் சொல். தனித்தனியாகப் பிரித்தால் இருவருமே திரும்பி வந்துவிடுவார்கள். விடுதியிலிருந்து இரவில் எந்த வழியாக நடந்து வர வேண்டும் என்று நீயே ஒருமுறை நடந்து பார்த்து எழுது. பாதுகாப்புக் காலணி அளவு ஒருத்திக்கு 4, இன்னொருத்திக்கு 5. அவர்கள் வந்து இறங்கும் நாளிலேயே அது கையில் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டு வருகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி