பள்ளி நூலகர்களே, நாம் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாட்டின் பள்ளி நூலகர்களுக்கும், நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொள்ளலாம். நூலகர் ஒரே ஆள். பல அரசுப் பள்ளிகளில் அந்த ஒருவரும் இல்லை. தமிழாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ பீரோ சாவியை வைத்திருக்கிறார். அவரவர் தனியாக மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது அந்தப் பள்ளியோடு முடிந்துபோகிறது. அவர் மாறிப் போனால் அதுவும் இல்லை.

"அதுதான் வாட்ஸ்அப் குழு இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. காலை வணக்கம், சுற்றறிக்கை, "இன்று மாலைக்குள் விவரம் அனுப்பவும்", பணி ஓய்வு வாழ்த்து. நடுவில் யாராவது உருப்படியாக ஒன்று கேட்டால் அரை மணி நேரத்தில் அது காணாமல் போய்விடும். போதாததற்கு, மேலதிகாரிகள் இருக்கும் குழுவில் "எங்கள் பள்ளியில் பிள்ளைகள் புத்தகமே எடுப்பதில்லை, என்ன செய்யலாம்?" என்று யார் எழுதுவார்கள்? புத்தகத்தைக் கையில் பிடித்தபடி வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் போட்டோதான் வரும். பெற்றோரிடம் கேட்காமல் அந்த முகங்களை ஊருக்கெல்லாம் அனுப்புவதே சரியில்லை என்பது என் கட்சி.

ஆகவே, அதிகாரிகள் இல்லாத, நம்மவர்கள் மட்டுமே உள்ள ஒரு குழு தொடங்கலாம் என்கிறேன். டெலிகிராம் இதற்குத் தோதானது. தலைப்புவாரியாகப் பேச்சைப் பிரித்து வைக்கலாம். புதிதாகச் சேருகிறவரும் பழைய உரையாடலைப் படிக்க வழி உண்டு. கூடவே எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு கூகுள் ஷீட். இவ்வளவு போதும். ஆயிரம் பேர் வேண்டியதில்லை. கேட்டால் பதில் சொல்லும் முப்பது பேர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அங்கே என்ன பேசுவது? முதலில் வகைப்படுத்தலில் இருந்தே தொடங்கலாம். பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, புனைகதை என்றால் அதோடு ஒரு 3 சேரும். நம் அலமாரியில் பாதிக்கு மேல் சிறுவர் கதைகள்தான் என்றால், பாதிப் புத்தகங்களின் முதுகிலும் ஒரே எண். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? ஒருவர் வாசிப்பு நிலைக்கு ஏற்ப வண்ண ஸ்டிக்கர் ஒட்டுகிறார், இன்னொருவர் பேய்க்கதை, விலங்குக்கதை என்று பிரிக்கிறார். எழுத்தாளர் பெயரை இனிஷியலை வைத்து வரிசைப்படுத்துவதா, அதை விட்டுவிட்டுப் பெயரை வைத்தா என்பதிலும் ஆளுக்கொரு வழக்கம். எது வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவாவது வேண்டாமா?

பட்டியலிடுவதும் அப்படித்தான். ஆங்கிலப் புத்தகம் என்றால் ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக எண்ணைத் தட்டியதும் விவரம் வந்து விழுகிறது. தமிழ்ச் சிறுவர் நூல்கள் பலவற்றில் அந்த எண்ணே இல்லை. அதனால் ஒரே புத்தகத்தின் விவரத்தை ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் உட்கார்ந்து புதிதாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். ஒருவர் செய்ததை எல்லோரும் பயன்படுத்த முடியும் என்பதற்கு ஓர் உதாரணம்: நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறிய வட்டாரத்தின் நூலக அறக்கட்டளை தன் தேவைக்காகச் செய்யவைத்த நூலக நிர்வாக மென்பொருள்தான் கோஹா. 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விட்டார்கள். இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. நாம் மென்பொருள் எழுத வேண்டாம். ஆளுக்கு ஐம்பது தமிழ் நூல்களின் விவரத்தை அந்த ஷீட்டில் ஏற்றினால் போதும், மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் கறாராக வைத்துக்கொள்வோம்: ஸ்கேன் செய்த திருட்டு பிடிஎஃப் அங்கே வரக்கூடாது. நூலகர்களே அதைச் செய்தால், சிறுவர் நூல் போடும் நாலு பதிப்பாளரும் கடையை மூட வேண்டியதுதான். பகிர நியாயமான வழி நிறைய இருக்கிறது. 1949இல் பாரதி படைப்புகளை அரசு வாங்கியதில் தொடங்கிய நாட்டுடைமை நூல்கள், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், யாரும் பகிரலாம் என்ற திறந்த உரிமத்தில் தமிழ்க் கதைகள் தரும் ஸ்டோரிவீவர் இணையதளம். இவற்றில் எந்த வகுப்புக்கு எது பொருந்துகிறது என்று சலித்துச் சொல்லவே ஆட்கள் தேவை.

குழுவைத் தமிழ்நாட்டோடு நிறுத்தவும் வேண்டாம். இலங்கைப் பள்ளிகளில் ஆசிரியர் நூலகர் என்றே பதவி உண்டு; கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் அவர்களுக்குத் தனிப் பயிற்சியும் இருக்கிறது. தமிழில் நூலகம் நடத்துகிற அவர்களிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும்.

நூலகர் தினமான ஆகஸ்ட் 12 வந்தால், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அவர்கள் விடாமல் முயன்றதில்தான் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல். அது பொது நூலகங்களுக்கான சட்டம் என்பதால் பள்ளி நூலகம் அதற்கு வெளியே நிற்கிறது. நமக்காகப் பேச நாம்தான் சேர வேண்டும். ஆனால் சங்கம், தலைவர், பொருளாளர் என்று ஆரம்பித்தால் முதல் கூட்டத்திலேயே சண்டை வரும். இப்போதைக்கு வேலையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சரி, முதல் கேள்வியை நானே போடுகிறேன். அரசின் வாசிப்பு இயக்கத்தில் எளிதிலிருந்து தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைப் புத்தகங்கள் வந்தன. எட்டாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையனுக்குத் தேவை 'நுழை' நிலைதான். அதை அவன் கையில் பார்த்தால் கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள், அவனும் தொடுவதில்லை. அவன் வயதுக்கு ஏற்ற விஷயம், சின்ன வாக்கியங்கள், அட்டையில் யானையும் முயலும் இல்லாத தமிழ்ப் புத்தகங்கள் வேண்டும். கிரிக்கெட், பைக், பேய் எதுவானாலும் சரி. உங்கள் பள்ளியில் இப்படிப்பட்ட பையன்கள் எதை விரும்பி எடுக்கிறார்கள்?

அன்புடன்,
ஒரு பள்ளி நூலகர்