லு த்ருவா நாளிதழ்க் கூட்டுறவினருக்கு: ஒன்ராறியோக் கரையை விட்டுவிடாதீர்கள்

லு த்ருவா நண்பர்களுக்கு வணக்கம்.

ஒட்டாவாவில் குடியிருக்கும் தமிழ் வாசகன் நான். உங்கள் பிரெஞ்சு நாளிதழின் அலுவலகம் ஒட்டாவா ஆற்றைத் தாண்டி, கியூபெக் பக்கம் கத்தினோவுக்குப் போய்விட்டது. 2023 முடிவோடு அச்சுப் பதிப்பும் நின்றது. பத்திரிகை நடத்துவதில் உள்ள பணக் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஒன்ராறியோவின் பிரெஞ்சுப் பள்ளிச் செய்திகள் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பத்திரிகை பிறந்ததே அந்தப் பள்ளிகளுக்காகத்தானே? 1912இல் ஒன்ராறியோ அரசு 17ஆம் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேல் பிரெஞ்சில் பாடம் நடத்தக் கூடாது என்றது. மறு ஆண்டு மார்ச் 27 அன்று, அருட்தந்தை ஷார்ல் ஷார்ல்புவாவின் முயற்சியில் லு த்ருவா வெளிவந்தது. அவர் அமலமரித் தியாகிகள் சபைக் குரு. யாழ்ப்பாணத்தாருக்கு நன்கு பழக்கமான அதே சபைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுப் பள்ளிகளைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்ற ஆயர் மைக்கேல் ஃபாலனும் அதே சபையைச் சேர்ந்தவர். ஐரிஷ் வம்சாவளி, ஆங்கிலம் பேசுபவர். ஆக, சண்டை கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையில் மட்டும் நடக்கவில்லை. 1916இல், அன்று கனடாவுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது: சட்டம் காப்பது கத்தோலிக்கப் பள்ளியைத்தான், பிரெஞ்சு மொழியை அல்ல என்று தீர்ப்பு. மதம் தங்கள் மொழியைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

அதே ஆண்டு ஜனவரியில் ஒட்டாவாவின் மறே தெருவிலுள்ள கீக் பள்ளியைத் தாய்மார் காவல் காத்தார்கள். விதிக்குப் பணிய மறுத்த ஆசிரியைகளான தெலோஜ் குடும்பத்து அக்கா தங்கை இருவரும் உள்ளே பாடம் நடத்த, வாசலில் பெண்கள் தொப்பியில் குத்தும் நீண்ட ஊசியும் கத்தரிக்கோலும் கையுமாக நின்று பொலிஸாரைத் திருப்பி அனுப்பினார்கள். இன்று அந்தக் கட்டடம் அடுக்குமாடிக் குடியிருப்பு! 1927இல் அரசு பிடியைத் தளர்த்தியது. அரசின் சார்பில் முதல்வர் மன்னிப்புக் கேட்க 2016 ஆனது.

1983இல் அமலமரிச் சபைக் குருக்கள் பத்திரிகையை விற்றார்கள். அப்புறம் பல கைகள் மாறி, 2019இல் தாய் நிறுவனம் நொடித்துப்போக, ஊழியர்களான நீங்களே கூட்டுறவாக எடுத்தீர்கள். நல்ல காரியம். இடையில் 1997இல் ஒட்டாவாவின் பிரெஞ்சு மொழி மருத்துவமனையான மோன்ஃபோரை மாகாண அரசு மூடப் பார்த்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். லு த்ருவாவும் அவர்களோடு நின்றது. மருத்துவமனை பிழைத்தது. பத்திரிகை பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒட்டாவாவின் பிரெஞ்சுப் பொதுப் பள்ளி வாரியம், கத்தோலிக்க வாரியம் இரண்டின் கூட்டங்களிலும் உங்கள் செய்தியாளர் ஒருவர் கடைசிவரை உட்கார வேண்டும். அறிக்கையை வாங்கி அப்படியே போடுவது போதாது. எந்தப் பள்ளியில் இடமில்லை, எங்கே ஆசிரியர் இல்லை, எந்தப் பேருந்து நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அந்தச் செய்திகளையாவது சந்தா கட்டாதவர்களும் வாசிக்கும்படி திறந்து வையுங்கள். ஒன்ராறியோப் பக்கத்துக்கென ஒருவரை நிரந்தரமாக அமர்த்த அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் முடிவெடுங்கள்.

அன்புடன்,
ஒட்டாவா வாசகன்