எடைக்குப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நீ கேட்டிருந்ததற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, கண்ணைக் கசக்காதே. பஸ் போர்டு பளிச்சென்று தெரிகிறது, கையில் புத்தகத்தை எடுத்தால்தான் எழுத்து கலங்குகிறது என்று எழுதியிருந்தாயே, எங்கள் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்தது. உள்ளே வைத்த லென்ஸ் தூரப் பார்வைக்கானது, படிக்கக் கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பயப்படாதே, பழகிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்கு மாறப் போகிறாய், "புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு வாம்மா, நான் கிண்டில் வாங்கித் தர்றேன்" என்று மகள் சொல்கிறாள், நான் என்னட்டி செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். அந்த மின்னூல் படிக்கிற கருவியை, கிண்டிலை, வாங்கிக்கொள், யோசிக்கவே வேண்டாம். ஆனால் புத்தகங்களை எடைக்குப் போடாதே, குறைந்தது இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்து முடிக்கிற வரைக்குமாவது போடாதே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் எங்கள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே ஏறத்தாழ 800 பேரோடு நின்றுபோனது. ஆறும் குளமும் ஒன்றாகி ஊருக்குள் வந்தபோது நாங்கள் எதிர்வீட்டு மாடியில் இருந்தோம். இதையெல்லாம் அப்போதே போனில் சொன்னேன், புத்தகங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை, அதுதான் உண்மை.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் போனால் முழங்கால் அளவு சகதி. மர பீரோ ஊறிப் போய்க் கதவு திறக்கவில்லை, அவர் கடப்பாரையை வைத்து நெம்பித்தான் திறந்தார். கீழ்த்தட்டு இரண்டிலும் புத்தகங்கள் உப்பி ஒன்றோடொன்று இறுகிப் போயிருந்தன, ஒன்றை இழுத்தால் அட்டை மட்டும் கையோடு வருகிறது. பழைய பேப்பரைத் தாளுக்குத் தாள் நடுவில் வைத்து, அது ஈரத்தை உறிஞ்சினதும் எடுத்துப்போட்டு வேறு வைத்து, மொட்டை மாடியில் நிழல் பார்த்து விரித்து, பதினைந்து நாள் இதே வேலைதான் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். நிறைய விலை கொடுத்து வாங்கிய கோயில் சிற்பப் படப் புத்தகங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. பளபளப்புக்காக அந்த ஆர்ட் பேப்பரில் பூசுகிற களிமண் பூச்சு நனைந்தால் பசையாகிவிடுகிறது, காய்ந்தால் செங்கல் மாதிரி ஒரே கட்டி, பிரிக்கவே வராது. நாம் மலிவு என்று நினைத்த சாணித்தாள் புத்தகங்கள் அலை அலையாகச் சுருங்கினாலும் பக்கம் பக்கமாகப் பிரிந்து வந்தன. 1985-ல் என் பிறந்தநாளுக்கு நீ தந்த புத்தகமும் பிரிந்து வந்தது. முதல் பக்கத்தைத் திறந்தால் நீ மைப் பேனாவால் எழுதியிருந்த இடத்தில் ஒரு நீலத் திட்டு. "செல்விக்கு" என்பதில் "செ" மட்டும் மிச்சம். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், சாந்தி.

முந்நூற்றுச் சொச்சத்தில் நூறு போலத்தான் தேறியது. அந்தச் சமயத்தில்தான் என் மகன் கிண்டிலை வாங்கி அனுப்பினான். இரண்டு மாதம் தொடவே இல்லை. ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் எடுத்தேன், விடியும்போதுதான் கீழே வைத்தேன். போன் திரை மாதிரி இது கண்ணுக்குள் வெளிச்சத்தை அடிக்கவில்லை. திரைக்குள்ளே கண்ணுக்கே தெரியாத குமிழிகளில் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்குமாம், மின்சாரம் பட்டதும் எது மேலே வர வேண்டுமோ அது வந்து நின்றுகொள்ளும், அப்புறம் அந்தப் பக்கத்தை அப்படியே வைத்திருக்க மின்சாரமே தேவையில்லை. அதனால்தான் ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் கணக்கில் ஓடுகிறது. எடை ஏறக்குறைய 200 கிராம். ஆயிரம் பக்க நாவலை நெஞ்சில் சாய்த்துப் படித்து மணிக்கட்டு வலித்த காலமெல்லாம் போச்சு.

உன் கண்ணுக்கு முக்கியம் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதுதான். உங்கள் ஆச்சி வைத்திருந்த "பெரிய எழுத்து" அல்லி அரசாணி மாலை ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி வாங்க வசதியில்லாதவர்களும் விளக்கு வெளிச்சத்தில் உரக்கப் படிக்கத் தோதாக இருந்தது அந்த எழுத்து. இப்போது எந்தப் புத்தகத்தையும் நீயே பெரிய எழுத்துப் புத்தகமாக ஆக்கிக்கொள்ளலாம். ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை: பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிற பிடிஎஃப்பில் இது நடக்காது. அது படம், எழுத்து இல்லை, சின்னத் திரையில் எறும்பு ஊர்வது மாதிரி தெரியும். அதற்கு டேப்லட்தான் சரி.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. சுவிட்சர்லாந்தில் இருக்கிற கல்யாணசுந்தரம் முன்னின்று 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சங்க இலக்கியம் தொடங்கி எவ்வளவோ இருக்கிறது. உலகம் பூராவும் இருக்கிற தமிழர்கள் வேலை முடிந்து வந்து, ஒரு பைசா வாங்காமல் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தவை. 2013-லிருந்து ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்று ஒரு குழு, ஆசிரியர்களிடம் அனுமதி வாங்கி மின்னூலாக்கிச் சும்மா தருகிறது, ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவாக்கிய பிடிஎஃப்பும் போடுகிறார்கள். வெள்ளத்தில் போன என் சிலப்பதிகாரம் இப்படித்தான் ஒரே ராத்திரியில் திரும்பக் கிடைத்தது. ஆனால் நான் அதில் ஓரத்தில் எழுதி வைத்திருந்த குறிப்பும், கடினச் சொல்லுக்குப் பொருள் சொல்கிற அரும்பத உரைக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு விரலை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டுகிற வசதியும் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் உரையோடு படிக்கிற நூல்களை மட்டும் மறுபடி காகிதத்திலேயே வாங்கிவிட்டேன். கதையா, ஒரே ஓட்டமாகப் படித்துவிட்டுப் போவதா, கிண்டில் போதும்.

இன்னொன்றையும் உன் மகளிடம் சொல். கிண்டிலில் காசு கொடுத்து வாங்குவது புத்தகம் இல்லை, படிக்கிற அனுமதி. 2009-ல் அமேசான், விற்ற நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஆர்வெல்லின் 1984 நாவலை வாங்கினவர்களின் கருவியிலிருந்தே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அப்புறம் தப்புதான் என்றும் ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் பூட்டிய வீட்டுக்குள் வந்து அலமாரியைத் தொட்ட மாதிரிதானே. வாங்கினதைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வசதியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். நாம் விடுதியில் ஒரு நாவலை எட்டுப் பேர் சுற்று விட்டுப் படித்தோமே, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துப் புத்தகம், கெடு தேதி முடிந்து அபராதத்தைக்கூடப் பங்கு போட்டுக் கட்டினோம். அதையெல்லாம் இதில் செய்ய முடியாது. எனக்குப் பிடித்த ஒன்றை உனக்குக் கொடுக்க வேண்டும் என்றால் நான் இன்றைக்கும் கடைக்குத்தான் போகிறேன்.

கம்ப்யூட்டரில் இருந்தால் அழியாது என்று அவள் சொல்வாள். என் நாத்தனார் மாப்பிள்ளை இருபது வருஷத்துக்கு முன்னால் தன் அப்பாவின் கவிதைகளையெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து சிடியில் போட்டுக் கொடுத்தார். போன மாதம் தேடியெடுத்துத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கிறது, ஒரு தமிழ் எழுத்து இல்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடாக்கலாம் என்று மகன் சொன்னான், செய்தும் கொடுத்தான், பாதி சிடி கீறல் விழுந்து வரவில்லை. அந்தக் கவிதைகளின் கையெழுத்து நோட்டு வேறொரு வீட்டுப் பரணில் இருந்தது. ராமபாணப் பூச்சி அரித்திருந்தாலும் படிக்க முடிந்தது.

அதனால் உன் புத்தகங்களை இப்படிப் பார். திருக்குறள், பாரதி, நாட்டுடைமையான ஆசிரியர்களின் நாவல்கள், போன வருஷம் புத்தகக் கண்காட்சியில் வாங்கினவை, இவற்றில் மனசுக்கு நெருக்கமானது போக மிச்சத்தைத் தெரு நூலகத்துக்கு தாராளமாகக் கொடு. யாராவது படிக்கட்டும், உனக்கு வேண்டுமானால் எப்போதும் கிடைக்கும். நான் பதறுவது உன் அம்மா கல்கி பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்த பொன்னியின் செல்வனுக்காகத்தான். "அதான் நெட்ல சும்மா கிடைக்குதே" என்று மகள் சொன்னாளாம். கதை கிடைக்கும், சரி. 1950-லிருந்து 54 வரை வாரா வாரம் வந்தபோது ஓவியர் மணியம் போட்ட படம் அந்தந்தப் பக்கத்திலேயே இருப்பதும், பின்பக்கத்து விளம்பரங்களும், உன் அம்மா ஓரத்தில் பென்சிலால் எழுதிய பால் கணக்கும் எந்த நெட்டில் கிடைக்கும்? அந்தக் காலத்து மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து ஒடிகிறது, அதனால் விரித்து அமுக்காதே. நல்ல வெளிச்சத்தில் போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வை.

அதே மாதிரி உங்கள் ஊர்த் தலபுராணம், உன் சித்தப்பா சொந்தக் காசில் அச்சடித்த நாடகம், கும்பாபிஷேக மலர், கல்யாண வாழ்த்துப்பா. எடைக்குப் போடும்போது முதலில் போவது இவைதான், மெலிசாக, அட்டை கிழிந்து இருக்கும். வேறு யாரிடமும் இல்லாததும் இவைதான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இந்த மாதிரி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்து வைத்ததால்தான் 1994-லிருந்து சென்னையில் அவர் பேரில் ஓர் ஆராய்ச்சி நூலகமே இருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 புத்தகங்கள் எரிந்தன, ஏடுகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாததைத் திரும்ப வாங்க வழியே இல்லை. 2005-லிருந்து நூலகம் என்ற பேரிலேயே ஓர் இணையதளத்தில் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் படம் பிடித்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். கிண்டிலை நீட்டுகிற மகளிடம் இதையும் கேள்: இந்தத் தலபுராணத்தை நீ ஸ்கேன் பண்ணித் தருவாயா? தருவாள், நல்ல பிள்ளை அவள்.

இங்கே வாழை இந்த வருஷம் பரவாயில்லை. பீரோவுக்குப் பதிலாக இரும்பு அலமாரி வாங்கி, கீழ்த்தட்டில் பாத்திரமும் மேல்தட்டில் புத்தகமுமாக வைத்திருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, காலையில் நடக்கிறார்.

நீ எப்போது சாமான் கட்டுகிறாய் என்று எழுது. பைண்டு புத்தகத்தையும் ஆச்சியின் பெரிய எழுத்துப் புத்தகத்தையும் லாரியில் ஏற்றிவிடாதே, பார்சலிலும் போடாதே. நான் முந்தின நாளே வந்து நாலு நாள் இருக்கிறேன், சேர்ந்து பிரித்து வைப்போம், அந்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உன்னோடு கோயம்புத்தூர் வரைக்கும் வருகிறேன்.

உன்
செல்வி