கூலிக்கு ஒப்பந்தம், சம்பளத்துக்குச் சட்டம்

கொங்கு நாட்டு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரன் ஒருவனின் வணக்கமுங்க.

எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவன் நான். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். துணியாக்கிக் கொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி வரும். தறி ஓட்டும் ஆளுக்குச் சம்பளம், உதிரி சாமான், கரண்ட் பில் எல்லாம் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசமாகக் கொடுத்தீர்கள், அதை மறக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் தறியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டவர்கள் உண்டு.

2025 மார்ச் மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? 19ஆம் தேதி கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலித் தறிகளை நிறுத்தினோம். 2022இல் பேசி முடித்த கூலி கைக்கு வரவில்லை, புதுசாக உயர்த்தியும் தர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. 24ஆம் தேதி எம்.பி.க்களின் மாதச் சம்பளம் 1,00,000 ரூபாயிலிருந்து 1,24,000 ஆனதாக அறிவிப்பு வந்தது. 2023 ஏப்ரல் முதலே கணக்கிட்டு, இரண்டு வருஷப் பாக்கியோடு. அதே வாரக் கடைசியில் நூறு நாள் வேலைக்கும் புதுக் கூலி வந்தது. தமிழ்நாட்டுக்கு 319 ரூபாய் 336 ஆனது. பதினேழு ரூபாய். அப்போது அந்த வேலைக்குப் போன பெண்கள் பல மாதக் கூலிப் பாக்கிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தறி ஒரு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. அமைச்சர்கள், ஆட்சியர்கள் உட்கார்ந்து பேசி ஏப்ரலில்தான் முடிந்தது. சோமனூர் ரகத் துணிக்குக் கூலி உயர்வு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10. தறி நின்ற நாட்களுக்கான கூலி யாரும் தரவில்லை, தரவும் மாட்டார்கள்.

சரி, அதிகச் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று திட்டத்தான் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். திட்டுவதற்கு டீக்கடை இருக்கிறது. அங்கே பேசினால், ‘சம்பளத்தை நம்பியா அவங்க இருக்காங்க?’ என்பார்கள். அதுவும் நிஜம்தான். 2024இல் மக்களவைக்குப் போன 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள் என்று, உங்கள் வேட்புமனுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மக்கள் பிரதிநிதிக்குச் சம்பளம் வேண்டும் என்று முதலில் போராடியது ஏழைகள்தான். 1838இல் பிரிட்டனில் எழுந்த, தொழிலாளர்களின் சாசன இயக்கத்தின் ஆறு கோரிக்கைகளில் அது ஒன்று. விசைத்தறி வந்து பிழைப்பைப் பறிகொடுத்த கைத்தறி நெசவாளர்கள் நிறையப் பேர் அந்த இயக்கத்தில் இருந்தார்கள். சம்பளம் இருந்தால்தானே நெசவாளி தறியை விட்டுவிட்டு நாடாளுமன்றம் போய் உட்கார முடியும்? அங்கே அது கிடைக்க 1911 ஆனது. அதனால் சம்பளமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அந்தச் சம்பளத்தை வைத்து எந்த நெசவாளி உள்ளே போகிறான் என்றுதான் தெரியவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. எம்.பி. சம்பளம் 2010இல் ஒரே தாவலில் 16,000இலிருந்து 50,000 ஆனது. அப்படி நீங்களே கூடி நீங்களே உயர்த்திக்கொள்வது அசிங்கமாக இருக்கிறது என்றுதான் 2018இல் சட்டத்தை மாற்றினீர்கள். இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டுப்படி தானாக ஏறுகிறது. நல்ல ஏற்பாடு, மனசாரச் சொல்கிறேன். யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, உண்ணாவிரதப் பந்தல் போட வேண்டியதில்லை. நாங்கள் வருஷக்கணக்காகக் கேட்பதும் இதைத்தானே? ஒப்பந்தக் கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுங்கள் என்கிறோம். ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் கிடைக்கிறது. மார்க்கெட் கொஞ்சம் சரிந்தால் அந்தக் காகிதத்தை யாரும் மதிப்பதில்லை.

எங்கள் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பஞ்சாலையில் நின்றவர். பி.எஃப். பென்ஷன் மாதம் ஆயிரத்துச் சொச்சம். 2014இல் குறைந்தபட்சம் 1,000 என்று வைத்தது, பத்து வருஷம் தாண்டியும் அசையவில்லை. முன்னாள் எம்.பி.யின் ஓய்வூதியம் அதே 2025 மார்ச் அறிவிப்பில் 25,000இலிருந்து 31,000 ஆனது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். ‘அவங்களுக்கும் மூட்டு வலி இருக்குமல்லடா’ என்றார். கேலியா பரிதாபமா, இன்னும் பிடிபடவில்லை.

கோட்டைக் கதையும் இதேதான். 2017இல் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை காய்ந்தது. அந்த ஜூலையில்தான் எம்.எல்.ஏ. சம்பளம் 55,000இலிருந்து 1,05,000 ஆக உயரும் என்று சபையில் அறிவித்தார், நம் எடப்பாடித் தொகுதிக்காரரான அன்றைய முதலமைச்சர். அன்றைய எதிர்க்கட்சி வேண்டாம் என்றது. அதே கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு சம்பளத்தைக் குறைக்கவில்லை, முன்னாள் எம்.எல்.ஏ. ஓய்வூதியத்தை 2025இல் 35,000 ஆக்கியது. இரண்டு கழகமும் ஒத்துப்போகும் விஷயங்களில் இது ஒன்று.

குறைக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. கொரோனா வந்த 2020இல் எம்.பி.க்கள் ஒரு வருஷத்துக்கு 30 சதவீதம் விட்டுக்கொடுத்தீர்கள்.

எம்.பி.க்களுக்கு அடுத்த உயர்வு 2028 ஏப்ரலில் தானாக வரும். அதற்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். பி.எஃப். பென்ஷனின் 1,000 ரூபாயையும் உங்கள் சம்பளம் ஏறும் அதே குறியீட்டில் கட்டுங்கள். கூலி ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போட வழி செய்யும் சட்டத்தைக் கொண்டுவாருங்கள். இதில் சட்டமன்றத்துக்கும் வேலை இருக்கிறது. இரண்டும் நடக்காவிட்டால் 2028 உயர்வை வாங்க மாட்டோம் என்று கொங்கு எம்.பி.க்களாவது எழுதிக் கொடுங்கள். எம்.எல்.ஏ.க்களும் அதுவரை புது உயர்வு கேட்காமல் இருக்கலாம்.

நாங்கள் ‘ங்க’ போட்டுப் பேசுவது மரியாதைக்காக. அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாமுங்க.

பதில் சொல்வதானால் கடிதமாகவே எழுதுங்கள். போனில் கூப்பிட்டால் தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது.